மாடிப் பாத்தி

பஞ்சவர்ணம் படுத்துத் தூங்கி மூன்று நாளாகியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. சுவரில் இரண்டு தலையணை வைத்து, அதில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடியவைத்துவிட்டு, வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள். புருஷன் சந்திரன் ஒரு கையில் அவளையும் இன்னொரு கையில் அவள் செருப்பையும் பிடித்திருந்தான். வீங்கிய காலில் செருப்பு ஏறவில்லை.

மண்டி மொஹல்லா சந்துக்குள் அந்த டயாலிசிஸ் சென்டர் இருந்தது. ஒரு டிரஸ்ட் நடத்துகிற சின்ன இடம், நான்கே மெஷின். மோலி அங்கே டெக்னீஷியன். வயது இருபத்தாறு. வாசலில் நின்றபடியே பஞ்சவர்ணத்தின் முகத்தைப் பார்த்தாள். எடை மெஷினில் ஏற்றுவதற்கு முன்னாலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஏற்றிப் பார்த்தாள். ஐந்து கிலோ கூட. அத்தனையும் வெளியே போக வழியில்லாமல் உடம்பிலேயே தங்கிய நீர்.

இரண்டு சிறுநீரகமும் போய் இரண்டு வருடம் ஆகிறது. வாரத்துக்கு இரண்டு தடவை, திங்களும் வியாழனும், நான்கு மணி நேரம் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்தால்தான் பஞ்சவர்ணம் உயிரோடு இருக்க முடியும். போன திங்கட்கிழமை அது நடக்கவில்லை. காரணம் எளிது. தண்ணீர் இல்லை.

மெஷினுக்குத் தேவை மருந்தைவிடத் தண்ணீர்தான். ஒரு ஆளுக்கு ஒரு தடவை ஓட்டவே முந்நூறு லிட்டர் வேண்டும். பில்டர் மெஷின் அதில் பாதிக்கு மேல் கழித்துத் தள்ளிவிட்டு, மிச்சத்தைத்தான் சுத்தமாகத் தரும். சென்டரின் போர் கிணறு ஏப்ரலிலேயே காற்றை இறைக்க ஆரம்பித்துவிட்டது. குழாயில் ஆறு நாளைக்கு ஒரு முறை தண்ணீர். அதுவும் எறும்பு ஊர்கிற வேகம். மற்ற நோயாளிகளை டிரஸ்ட் எப்படியோ வேறு வேறு ஆஸ்பத்திரிகளில் சேர்த்துவிட்டது. பஞ்சவர்ணத்துக்கு மட்டும் எங்கேயும் இடம் கிடைக்கவில்லை. "வியாழக்கிழமை டேங்கர் கண்டிப்பா வந்துடும்க்கா," என்று வாக்குக் கொடுத்திருந்தாள் மோலி.

டேங்கர்காரன் பிரசாந்துக்குப் போன் அடித்தாள்.

"மோலி, நானே கூப்பிடணும்னு இருந்தேன். வண்டி ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு இந்தப் பக்கம் வரலை. ஊர்க்காரங்க ரோட்டுல உட்காந்துட்டாங்க. எங்க போர்ல எடுத்துட்டுப் போய் சிட்டிக்கு விக்கிறீங்களான்னு கேக்கறாங்க. வால்வைத் திறந்து கீழ விட்டுட்டாங்கப்பா, மொத்தத்தையும்."

"ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லலையா?"

"சொன்னேன். எங்க மாடும் ஆஸ்பத்திரிலதான் இருக்குன்னு ஒரு பெரியம்மா சொன்னாங்க. நான் என்ன பேசறது?"

மோலி போனை வைத்தாள். யாரைத் திட்டுவது? குடகில் மழை விழுந்தால் காவிரி வரும், காவிரி வந்தால் மைசூருக்குக் குழாயில் வரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. ஜூன் முழுசாகப் போய், ஜூலையும் பாதி தாண்டியாயிற்று. குடகிலிருந்து வருகிறவர்கள் குடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். போன வருடம் அக்டோபரில் இரண்டே நாளில் ஊற்றித் தள்ளியது. இதே சந்தில் முழங்கால் தண்ணீர், மெஷினையெல்லாம் மேஜை மேல் ஏற்றி வைத்தார்கள். அத்தனையும் சாக்கடையில் ஓடிப் போனது. பெய்தால் கொட்டித் தீர்க்கிறது, இல்லையென்றால் சொட்டுக்கூட இல்லை. நடுவில் மெதுவாக, பூமிக்குள் இறங்குகிற மாதிரி நாள்கணக்கில் தூறுமே, அந்த மழை எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

டாக்டர் அஷ்வினி நகரத்தின் மறு கோடியில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்தார். வாரம் ஒரு நாள் இங்கே வருவார். மோலி பஞ்சவர்ணத்துக்கு ஈ.சி.ஜி. எடுத்து, அதைப் போட்டோ பிடித்து அனுப்பினாள். ஒரு நிமிஷத்தில் போன் வந்தது.

"மோலி, பொட்டாசியம் ஏறிப்போச்சு. ஊசி போட்டு கொஞ்ச நேரம் இழுக்கலாம். ஆனா இன்னைக்கே மெஷின்ல போடணும். நாளைக்குன்னு வெச்சா இதயம் நின்னுடும்."

"உங்க கிட்ட அனுப்பட்டுமா மேடம்?"

"இங்க எமர்ஜென்சிக்கு ரெண்டு மெஷின்தான் ஓட்டறோம், தண்ணி அவ்ளோதான். ஏழு பேர் வெளில காத்திருக்காங்க. பேரை எழுதிக்கறேன். ராத்திரி வரைக்கும் சொல்ல முடியாதும்மா."

பஞ்சவர்ணம் கட்டிலில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஹெப்பாளில் ஒரு பாக்டரி கேன்டீனில் இருபது வருடம் சமைத்தவள். அவள் வாய்க்கு மட்டும் எந்த நோயும் வந்ததில்லை. மூச்சுக்கு மூச்சு நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"என்ன சிஸ்டர்... டேங்கர் வரலையா?"

"வரும்க்கா. ஏற்பாடு பண்ணிட்டிருக்கேன்."

"பொய் சொல்லாத... மூக்கு செவந்துருச்சு பாரு." சிரிக்கப் பார்த்து இருமினாள். "என் பொழப்பைப் பாத்தியா... குடிக்கறதுக்கு ஒரு நாளைக்கு மூணு டம்ளருக்கு மேல கூடாதாம்... கழுவறதுக்கு மட்டும் இருவது கொடமாம். ராணி வூட்லகூட... இந்தச் செலவு இல்லை."

இருபது குடம். மோலிக்கு அந்த வார்த்தை மண்டையில் மணி அடித்த மாதிரி இருந்தது. குடத்துக்குப் பதினைந்து லிட்டர். இருபது குடம் முந்நூறு.

வெளியே ஓடினாள்.

சந்தில் நாற்பது வீடு. செவ்வாய்க்கிழமை குழாய் வந்திருந்தது. அடுத்த முறை திங்கட்கிழமைதான். வீட்டுக்கு வீடு ட்ரம்மிலும் குடத்திலும் பிடித்து, மூடி போட்டு, மூடி மேல் கல் வைத்துப் பாதுகாத்த தண்ணீர். அதைப்போய்க் கேட்பது பச்சைப் பிள்ளையைக் கேட்பது போல. மோலி நேராக உமாதேவி வீட்டுக் கதவைத் தட்டினாள். உமாதேவி அந்த வார்டில் வீடு வீடாகப் போகிற ஆஷா சுகாதார ஊழியர். நாற்பது வீட்டிலும் யாருக்கு எப்போது தடுப்பூசி, யார் வீட்டு மருமகள் முழுகாமல் இருக்கிறாள், எல்லாம் அவள் விரல் நுனியில். தமிழில் கன்னடம் கலந்துதான் பேசுவாள்.

"அக்கா, ஒரு உசுரு. இருபது கொடம் வேணும். இப்பவே."

உமாதேவி அரை நிமிஷம் யோசித்தாள். அவ்வளவுதான். "சுத்தமா இருக்கணுமா, எப்படி இருந்தாலும் பரவால்லையா?"

"நல்ல தண்ணியா வேணும்க்கா. கிருமி கிருமின்னு எதுவும் இருக்கக்கூடாது. ரத்தத்துக்குப் பக்கத்துல போற தண்ணி."

"ஆயித்து, நீ போ. மாடிக் கதவைத் தெறந்து வை."

பிறகு நடந்ததை மோலி நினைத்துக்கூடப் பார்த்திருக்கவில்லை. பத்து நிமிஷத்தில் முதல் குடம் வந்தது. அப்புறம் வரிசையாக. பச்சைக் குடம், ஆரஞ்சுக் குடம், ஒரு எவர்சில்வர் அண்டா. கடைசி வீட்டு மாதம்மா, வீட்டில் கைக்குழந்தை இருப்பவள், இரண்டு குடம் கொண்டு வந்தாள். "ஒண்ணு போதும்க்கா," என்றாள் மோலி. "வெச்சுக்கோ சிஸ்டர், அந்தம்மா போன வருசம் என் வளைகாப்புக்குப் புளியோதரை கட்டிக் குடுத்தாங்க," என்றாள் மாதம்மா. இரண்டு மாடி ஏறி, மூச்சு வாங்க, ஒரு சொட்டுச் சிந்தாமல் எல்லாரும் மொட்டை மாடியிலிருந்த கருப்பு டேங்கில் ஊற்றினார்கள். சந்திரன் ஒவ்வொருவரிடமும் குடத்தை வாங்கித் தூக்கிக் கொடுத்தான். கட்டட வேலை செய்கிற ஆள், ஹனூர் பக்கத்து ஊர்க்காரன். நன்றியாகத் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

ஒன்பதரைக்கு இருபதாவது குடம் விழுந்தது.

மோலி மெஷின் ரூமுக்கு ஓடி மோட்டாரைப் போட்டாள். தண்ணீர் மணல் பில்டரைத் தாண்டி, கரி பில்டரைத் தாண்டி வந்தது. பழக்க தோஷத்தில் சோதனைப் பட்டை ஒன்றை எடுத்து, கரி பில்டரின் வாயில் பிடித்த தண்ணீரில் நனைத்தாள். வெள்ளையாக இருக்க வேண்டிய பட்டை.

கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது.

வேறு பட்டை. மறுபடியும் அதே நிறம். மோட்டாரை அணைத்தாள்.

குளோரின். கொஞ்சநஞ்சம் இல்லை, ஏகத்துக்கும். குடிக்கிற தண்ணீரில் இருந்தால் வயிறு சமாளித்துக்கொள்ளும். இந்த மெஷினில் தண்ணீருக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருப்பது தலைமயிரைவிட மெல்லிய ஒரு சவ்வு. குளோரின் அதைத் தாண்டிப் போய் ரத்த அணுக்களை உடைத்துவிடும். ஆள் கண் முன்னாலேயே கருத்துப் போவாள். அதைப் பிடித்து நிறுத்த வேண்டியது கரி பில்டர்தான். ஆனால் ஏப்ரலிலிருந்து கண்ட கண்ட டேங்கர் தண்ணீரையெல்லாம் குடித்து அது களைத்துப்போயிருந்தது. புதுக் கரி வரும் வரும் என்று இரண்டு மாதமாகச் சொல்கிறார்கள்.

மாடிக்கு ஏறினாள். உமாதேவியும் சந்திரனும் இன்னும் அங்கேதான் இருந்தார்கள். டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தாள். நீச்சல் குளம் மாதிரி வாடை.

"உமாக்கா, தண்ணில என்ன போட்டீங்க?"

உமாதேவி முகத்தில் பெருமை. "நீதானே கிருமி இருக்கக்கூடாதுன்ன? போன மாசம் ரெண்டு கொழந்தைக்கு மஞ்சக்காமாலை வந்துச்சில்ல, அப்பலேர்ந்து இந்தச் சந்துல குளோரின் மாத்திரை போடாம யாரும் தண்ணி வைக்கறதில்லை. ஆறு நாள் வைக்கறதால டபுள். இன்னைக்கு நான் சும்னே விடலை. ரத்தத்துக்குப் போற தண்ணின்னு வீடு வீடாச் சொல்லி, கொடத்துக்கு இன்னொண்ணு போட வெச்சேன். என் கையால."

மோலி பட்டையைக் காட்டினாள். பிறகு சொன்னாள். சொல்லச் சொல்ல உமாதேவியின் முகம் எப்படி இறங்கியதென்று அவள் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. தப்பு உமாதேவியுடையதா? அப்படிக் கேட்டது மோலிதானே? மாத்திரை போடாத தண்ணீர் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கூடச் சொல்லியிருக்கலாம்.

"அய்யோ தேவரே," என்றாள் உமாதேவி. மாடிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நாப்பது வீட்டுத் தண்ணியையும் நானே நஞ்சாக்கிட்டனா?"

"நஞ்சில்லைக்கா. குடிக்க நல்ல தண்ணிதான். அவங்களுக்கு மட்டும்தான்..."

"கீழ ஊத்திட்டு மறுபடி கேக்கறதுக்கு எந்த வீட்ல இருக்கு?"

கொடுக்கிற அளவுக்கு எந்த வீட்டிலும் மிச்சம் இல்லை. அது இரண்டு பேருக்குமே தெரியும். கீழே பஞ்சவர்ணம் இருமுகிற சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. ஈரமான, கொழகொழவென்ற இருமல். நுரையீரலில் நீர் ஏறுகிறது.

"அந்த மருந்து போறதுக்கு வழியே இல்லீங்களா சிஸ்டர்?" சந்திரன் கேட்டான். அதுவரை சுவரோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"வெயில்ல பரப்பி வெச்சா போகும்ண்ணா. ரெண்டு மூணு மணி நேரம் நல்ல வெயில் பட்டா ஆவியாப் போயிடும். ஆனா ஆழமா இருந்தா போகாது, டேங்க்ல இருந்தா நாளாகும். விரல் ஆழத்துக்குப் பரப்பணும். முந்நூறு லிட்டரை நான் எதுல பரப்பறது?"

சந்திரன் மாடியை ஒரு முறை சுற்றிப் பார்த்தான். மொட்டை மாடி, சமதளம், நல்ல உச்சி வெயில் விழுகிற இடம். அவன் கண் மாறியது.

"ரூப் போட்டா நாங்க என்னங்க பண்றோம்? மேல பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தறோமல்ல, கான்கிரீட்டு காயாம இருக்க? விரல் ஆழந்தானுங்க. அதே வேலைதானே?"

சொல்லிக்கொண்டே படியிறங்கிவிட்டான். அடுத்த தெருவில் அவன் வேலை செய்கிற கட்டடம். கால் மணி நேரத்தில் ஒரு புது நீலத் தார்பாயும், அவனோடு இரண்டு ஆட்களும், சிமெண்டுச் சட்டி நிறையச் செங்கல்லும் வந்தன. சுற்றிலும் ஒற்றை வரிசைச் செங்கல், மேலே தார்பாயை விரித்து ஓரத்தை மடித்து, பாத்தி தயார். உமாதேவி எழுந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூன்று தடவை தார்பாயை அந்தத் தண்ணீராலேயே அலசித் துடைத்தாள். "ஒரு கொடம் அதுக்கே போச்சு," என்று தனக்குத்தானே முனகினாள். டேங்க் குழாயைத் திறந்தார்கள். பாத்தி இருநூறு லிட்டர் கொண்டது. அதற்கு மேல் விட்டால் ஆழம் ஏறிவிடும். மீதி டேங்கிலேயே நின்றது.

மணி பத்தே முக்கால். மோலி அரை மணிக்கு ஒரு பட்டை நனைத்தாள். கத்தரிப்பூ நிறம் மெல்ல வெளுத்தது. கீழே ஓடி ஆக்சிஜனைக் கூட்டினாள், ஊசி போட்டாள், மேலே ஓடி வந்தாள். சந்திரன் சட்டையைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு பாத்தி ஓரமாகக் குந்தி, ஒரு சுத்தமான தட்டால் தண்ணீரை மெதுவாகக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

பன்னிரண்டு மணிக்கு வெளிச்சம் மங்கியது.

மோலி நிமிர்ந்து பார்த்தாள். சாமுண்டி மலைப் பக்கமிருந்து ஒரு மேகம் ஏறி வந்துகொண்டிருந்தது. கன்னங்கரேலென்று, கனமாக, நாற்பது நாளாக இந்த ஊர் கண்ணில் படாத மேகம். சந்தில் கதவுகள் திறந்தன. "மழை! மழை வருது!" யாரோ விசில் அடித்தார்கள். மாதம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கையை நீட்டிப் பார்த்தாள். பாத்திரம் பாத்திரமாக வாசலுக்கு வந்தன.

வாழ்க்கையில் முதல் தடவையாக மோலி ஒரு மேகத்தைப் பார்த்து, போ, போய்விடு என்று வேண்டினாள். பிறகு, இல்லை, பெய்தால் நல்லதுதானே, மழைத் தண்ணீரில் எந்த மாத்திரையும் இல்லையே, பெய்யட்டும் என்று மாற்றி வேண்டினாள். இயேசுவே, வெயிலா மழையா, ஏதாவது ஒன்று.

இரண்டும் கிடைக்கவில்லை. மேகம் மாடிக்கு நேர் மேலே வந்து குந்திக்கொண்டது. நாலு துளி விழுந்தது. மோலி எண்ணினாள், நிஜமாகவே நாலு துளிதான், தார்பாயில் டப் டப்பென்று. அப்புறம் ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் அப்படியே நின்றது, பெய்யவுமில்லை, நகரவுமில்லை. பட்டையின் நிறம் இளஞ்சிவப்பிலேயே நின்றுவிட்டது.

"என் ஜென்மத்துல மானத்தைத் திட்டுனதில்லீங்க," என்றான் சந்திரன். கலக்குவதை நிறுத்தவில்லை. "இன்னிக்குத் திட்டிப்போட்டேன்."

ஒன்றே காலுக்குக் கீழேயிருந்து உமாதேவி கத்தினாள். "மோலி! ஒதடு நீலமாகுது! பேக வா, சீக்கிரம்!"

அந்த நேரத்தில் மேகத்தின் ஓரம் விலகி வெயில் விழ ஆரம்பித்திருந்தது. மோலி இன்னும் இருபது நிமிஷம் கொடுத்தாள். அந்த இருபது நிமிஷத்தை அவள் எப்படிக் கடந்தாள் என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது. பட்டை கிட்டத்தட்ட வெள்ளை. கரி பில்டரில் மிச்சம் இருக்கிற உயிர் இந்த அளவைத் தாங்கும். டேங்க் குழாயை மூடி, பாத்தித் தண்ணீரை ஒரு ஹோஸ் வைத்து நேராகப் பில்டருக்கு விட்டு, கரிக்கு அப்புறம் பிடித்து நனைத்தாள். சுத்த வெள்ளை.

பாத்தியில் வெயில் குடித்தது போக நூற்றறுபது லிட்டர்தான் இருந்தது. அஷ்வினி டாக்டருக்கு அடித்தாள்.

"ஓட்டத்தைக் குறைச்சு வெச்சா ரெண்டு மணி நேரம் வரும் மேடம்."

"போடு. ரெண்டு மணி நேரம் கிடைச்சா ரெண்டு மணி நேரம். முதல்ல நீரை இழு."

மெஷின் ஓட ஆரம்பித்தது. சிவப்பு ட்யூபில் ரத்தம் சுற்றி வந்தது. மோலி பில்டர் கழித்துத் தள்ளுகிற தண்ணீரைக்கூட வாளியில் பிடித்தாள், கக்கூசுக்காவது ஆகும். ஒரு கண் மானிட்டரில், ஒரு கண் பஞ்சவர்ணத்தின் முகத்தில், ரத்தம் கருக்கிறதா என்று. கருக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து உதட்டில் நிறம் வந்தது. ஒன்றரை மணி நேரத்தில், சுவரில் சாய்ந்திருந்தவள் தலையணையைத் தானே உருவிக் கீழே போட்டாள். படுத்தாள். மல்லாந்து.

"ரெண்டு மூணு நாளா... கூரையவே பாக்கலை," என்றாள். "ஓட்டை அடைக்கணும் போலயே உங்க கூரைல." அடுத்த வார்த்தைக்குள் தூங்கிவிட்டாள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது, தண்ணீர் இல்லை என்று மெஷின் கூவியது. மோலி ரத்தத்தை உடம்புக்குத் திருப்பினாள்.

சந்திரன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பெண்டாட்டி மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மோலி வராந்தாவில் டாக்டரிடம் பேசினாள். அழுகையும் சிரிப்புமாகத்தான் ஆரம்பித்தாள்.

"நல்லா பண்ணிட்டே மோலி. ஆனா ஒண்ணு." என்றார் டாக்டர். "இப்ப அவங்க எமர்ஜென்சி இல்லை. எங்க லிஸ்ட்லேர்ந்து பேரை எடுத்துட்டாங்க. அரை டயாலிசிஸ்தான் ஆயிருக்கு, சனிக்கிழமைக்குள்ள மறுபடி பண்ணியே ஆகணும். இங்க முடியாது. நீதான் பாக்கணும்."

சனிக்கிழமை. குழாய் வருவது திங்கட்கிழமை.

மோலி மாடிக்குப் போனாள். மேகம் பன்னூர்ப் பக்கம் போய்த் தேய்ந்திருந்தது. தார்பாய் காய்ந்து, நாலு மூலையிலும் வெள்ளைக் கோடு படிந்திருந்தது. டேங்கைத் திறந்து பார்த்தாள். ஐந்தாறு குடம் இருக்கும். நாளைக்கே பாத்தியில் விட்டால் வெள்ளிக்கிழமை வெயிலிலேயே தயாராகிவிடும். மற்ற பதினாலு குடத்துக்கு என்ன செய்வது என்பதை அப்புறம் யோசிக்கலாம். செங்கல்லைப் பிரிக்க வேண்டாம் என்று சந்திரனிடம் சொல்ல வேண்டும்.

படியில் காலடிச் சத்தம். மாதம்மா. இடுப்பில் குழந்தை இல்லை, காலிக் குடம் இருந்தது. பின்னால் உமாதேவி, மாதம்மாவைத் தடுக்கவும் முடியாமல், விடவும் முடியாமல்.

"கோச்சுக்காத சிஸ்டர்," என்றாள் மாதம்மா. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "மீதி இருக்குன்னு சொன்னாங்க. மழை வந்துருச்சுன்னு நெனச்சுட்டேன் நானு. இருந்த கடைசி ட்ரம்மையும் எடுத்துத் துணி தொவச்சுப்புட்டேன். கொழந்தைக்குப் பால் கலக்கக்கூட... அந்தம்மா எப்படி இருக்காங்க?"

"தூங்கறாங்க."

"நல்லதாப் போச்சு." நகரவில்லை. குடத்தின் கழுத்தை விரலால் நிரடிக்கொண்டே நின்றாள். "அதுல மாத்திரை போட்டது கொழந்தைக்கு ஆகும்ல?"

"ஆகும்க்கா. கொழந்தைக்கு நல்லதுதான்."

மோலி டேங்க் குழாயைத் திறந்தாள். குடம் நிரம்புகிற சத்தத்தை மூன்று பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். கழுத்து வரை வந்ததும் அடைத்தாள். பிறகு குனிந்து, ஒரு கை அடியிலும் ஒரு கை வாயிலுமாகப் பிடித்து, சிந்தாமல் தூக்கி மாதம்மாவின் இடுப்பில் ஏற்றிவிட்டாள்.

கீழே சந்தில் இன்னும் இரண்டு பேர் காலிக் குடத்தோடு மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.